தண்டச்சோறு செய்த வேலை

எங்கள் வீட்டில் ஒரு டம்ளரை நான் கழுவினால் அது கழுவிய கணக்கில் வராது. அண்ணி வந்து அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "ம்" என்று ஒரு சத்தம் போட்டு, இன்னொரு முறை கழுவினால்தான் அதற்கு அலமாரியில் இடம். அந்த "ம்" இருக்கிறதே, அதில் என் பரம்பரையே அடங்கிவிடும். அது அண்ணனுடைய பரம்பரையும்தான் என்பதை மட்டும் அவர் சௌகரியமாக மறந்துவிடுவார்.

வீட்டோடு போனால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அண்ணியும் நானும் வேலை பார்ப்பது ஒரே ஆராய்ச்சிக் கட்டடத்தில். அவர் மூன்றாம் மாடியில் செல்களோடு மல்லுக்கட்டுகிறார். நான் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், புரதங்களை எடை போடும் இயந்திரத்தோடு குடித்தனம் நடத்துகிறேன். மேலே இருப்பவர்கள் சின்னச் சின்னக் குழாய்களில் எதையாவது கொண்டுவந்து நீட்டுவார்கள். உள்ளே என்னென்ன புரதம் இருக்கிறது, எது எவ்வளவு கனம் என்று நான் சொல்வேன். நல்ல செய்தியாக இருந்தால் அது அவர்களுடைய திறமை. கெட்ட செய்தியாக இருந்தால் என் இயந்திரம் அழுக்கு.

அண்ணியை அண்ணனிடம் கொண்டுபோய் விட்டதே நான்தான். அண்ணனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தொழில். "நல்லா சொல்லிக்கொடுப்பான், கோபமே வராது" என்று நான் சிபாரிசு செய்து சேர்த்துவிட்டேன். லைசென்ஸ் இன்றுவரை வரவில்லை, கல்யாணம் ஆகிவிட்டது. எல்லாக் கண்ணாடியையும் திருப்தியாகத் துடைத்து முடிக்காமல் வண்டியை நகர்த்த மாட்டேன் என்பவரை எந்தப் பரீட்சை அதிகாரி பாஸ் போடுவார்? "பாஸ் பண்ண வைக்க முடியல, அதான் பொறுப்பை நானே ஏத்துக்கிட்டேன்" என்பான் அண்ணன். அந்த வீட்டின் பின்னறையில்தான் நானும் இருக்கிறேன்.

அண்ணியின் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். மிருகமோ மனுஷனோ, உடம்பில் இருக்கும் ஒவ்வொரு செல்லுக்கும் வெளியிலிருந்து சேதி வந்துகொண்டே இருக்கும். வளரு, நிறுத்து, சர்க்கரை வந்திருக்கிறது, எடுத்து வை. வாசலில் சேதியைக் கேட்டவர் தானே எழுந்துபோய் வேலையைச் செய்ய மாட்டார். பக்கத்தில் இருப்பவரைத் தட்டிவிடுவார், அவர் அடுத்தவரைத் தட்டுவார். அரசாங்க அலுவலகத்தில் ஃபைல் நகர்வது போலத்தான், ஆனால் இங்கே நிஜமாகவே நகரும். அந்தத் தட்டுதல் என்பது ஒரு பாஸ்பேட் துணுக்கைக் கொண்டுபோய் இன்னொரு புரதத்தின் மேல் ஒட்டுவது. ஒட்டப்பட்டவர் விழித்துக்கொள்வார். ஒட்டுகிறவருக்குக் கைனேஸ் என்று பெயர். நம்மைப் போன்ற உடம்புகளில் ஐந்நூறுக்கும் மேலே கைனேஸ்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்னும் ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடிப்பது என்பது, வருஷக்கணக்காகக் குடியிருக்கும் வீட்டில் யாரும் பார்க்காத ஓர் அறை இருந்தது என்று கண்டுபிடிப்பது மாதிரி.

அண்ணி கதவைத் தட்டிக்கொண்டிருந்த அறை இதுதான். சர்க்கரைச் சேதி வந்தால் மட்டும் கண் விழிக்கும் ஒரு புரதம் உண்டு. மற்ற நேரமெல்லாம் தூக்கம். இந்தத் துறையில் புரதங்களுக்கு வைக்கும் பெயர்கள் கார் நம்பர் மாதிரி இருக்கும் என்பதால், மூன்றாம் மாடியில் அதற்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். அந்தத் தூங்குமூஞ்சியை எழுப்புவது யார் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. அண்ணிக்கு ஓர் ஆள் மேல் கண் விழுந்திருந்தது. அதுவரை யாரும் கைனேஸ் என்று சந்தேகப்படாத புரதம். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அதன் பேச்சுதான். எங்கே இருக்கிறது, யாரோடு பழகுகிறது, நடத்தை எப்படி என்று ஒரே விசாரணை. "புரதம் பாக்கிறியா, மாப்பிள்ளை பாக்கிறியா?" என்று அண்ணன் கேட்டுவைத்தான். அன்றிலிருந்து அதற்கு மாப்பிள்ளை என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இன்னும் ஒருவர் பாக்கி. அவர்தான் தண்டச்சோறு. பார்த்தால் அசல் கைனேஸ் போலவே இருக்கும். முகம் மூக்கு எல்லாம் அதே ஜாடை. செல்லின் எரிபொருளை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், ஆனால் யார் மேலும் எதையும் ஒட்டாது. ஒட்டுவதற்கு அவசியமான ஒரு பல் அதற்குப் பிறவியிலேயே இல்லை. இதை நிரூபித்தது யார் என்றால், சாட்சாத் அண்ணியேதான், அவருடைய மாணவப் பருவத்தில். நாலு பேருக்கு அவரைத் தெரிந்திருப்பது அந்தக் கட்டுரையால்தான். அதற்குப் பிறகு யார் புதுக் கைனேஸைப் பரிசோதித்தாலும் பக்கத்துக் குழாயில் தண்டச்சோற்றைப் போட்டு வைப்பார்கள். அது சும்மா இருந்து, இது வேலை செய்தால், பரிசோதனையை நம்பலாம். எங்கெங்கிருந்தோ கேட்டு எழுதுவார்கள், அண்ணியும் பனிக்கட்டியில் பொதிந்து அனுப்பிவைப்பார். ஊர் ஊராகச் சோம்பேறியை ஏற்றுமதி செய்த ஒரே பெண்மணி எங்கள் அண்ணிதான்.

இப்படி இருக்கையில் மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்று தெரிந்தது. அண்ணியின் வேலை நிரந்தரமானது இல்லை. புதுக் கைனேஸ் உண்மை என்று குழு ஒத்துக்கொண்டால் நீட்டிப்பு. இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இந்த ஊரில் இந்த வேலைக்கு இன்னோர் இடம் கிடையாது. அவர் வேறு ஊருக்குப் போனால் அண்ணனும் பின்னாலேயே போவான், கார் எல்லா ஊரிலும் ஓடுகிறது. நான் இங்கே என் இயந்திரத்தோடு இருக்க வேண்டும். அண்ணி இல்லாத வீட்டில் டம்ளரை ஒரே முறை கழுவிக் கவிழ்த்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்று நினைத்துப் பார்த்தேன். ஆனால் அந்த "ம்" இல்லாத சமையலறையை என்னால் நினைக்க முடியவில்லை.

மூன்றாம் மாடியின் தலைவருக்கு அவசரம் சார் என்று பெயர். நாற்காலி துடைக்கச் சொல்லும் கடிதத்துக்குக்கூட 'அவசரம்' என்றுதான் தலைப்புப் போடுவார். அவர் ஏற்கெனவே வெளியூர்க் கூட்டம் ஒன்றில் மாப்பிள்ளையைப் பற்றி மேடையில் சொல்லிவிட்டு வந்திருந்தார். இன்னும் உறுதியாகவில்லை சார் என்று அண்ணி சொன்னதற்கு, "உறுதிதானே? பண்ணிடலாம்" என்றாராம்.

உறுதி செய்ய அண்ணி குழாய்களைக் கொண்டுவந்தார். ஒன்றில் செல்லிலிருந்து இழுத்தெடுத்த மாப்பிள்ளையும் தூங்குமூஞ்சியும். இன்னொன்றில் அதே மாதிரி இழுத்தெடுத்த தண்டச்சோறும் தூங்குமூஞ்சியும். பாஸ்பேட் ஒட்டினால் தூங்குமூஞ்சியின் எடையில், அணுக்களை நிறுக்கும் கணக்கில், எண்பது கூடும். இயந்திரத்துக்கு அது பெரிய சமாசாரமே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்.

மாப்பிள்ளைக் குழாயில் எண்பது கூடியிருந்தது. அண்ணி கைதட்டப் போனார். தண்டச்சோற்றுக் குழாயிலும் எண்பது கூடியிருந்தது. தட்டப்போன கை அந்தரத்தில் நின்றது.

"உன் மெஷினைக் கழுவுனியா?"

"காலையிலதான் கழுவினேன் அண்ணி."

"எப்படிக் கழுவுனே? வீட்டுல டம்ளர் கழுவுற மாதிரியா?"

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "மெஷின் சுத்தமாத்தான் இருக்கு. நீங்க ஒரு குழாயில விட்ட பிப்பெட் முனையை இன்னொண்ணுலயும் விட்டிருப்பீங்க."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அண்ணியைப் பார்த்து நீங்கள் அழகில்லை, உங்களுக்கு அறிவில்லை என்று சொன்னாலும் சிரித்துவிட்டுப் போவார். சுத்தமில்லை என்று சொன்னால் தொலைந்தோம். மூக்கு நுனி சிவந்து, குழாய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, லிஃப்டைக்கூட எதிர்பார்க்காமல் படியேறிப் போய்விட்டார்.

போதாக்குறைக்கு நான் புரதங்களைத் துண்டாக்கி இன்னும் நோண்டிப் பார்த்தேன். மாப்பிள்ளைக் குழாய்க்குள் தண்டச்சோற்றின் துண்டுகள் கிடந்தன. தண்டச்சோற்றுக் குழாய்க்குள் மாப்பிள்ளையின் துண்டுகள் கிடந்தன. ஒன்றில் இருப்பது மற்றொன்றில் சிந்தியிருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? என் கட்சிக்குப் பலம் என்று நான் அதை அண்ணிக்கு அனுப்பிவைத்தேன். முந்தின ஓட்டத்தின் மிச்சம் உன் இயந்திரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று அவர் அதையே எனக்குத் திருப்பி அனுப்பினார்.

எங்கள் தொழிலில் எதிர்பாராத இடத்தில் எது தெரிந்தாலும் முதலில் அதற்கு அழுக்கு என்றுதான் பெயர். பத்துக்கு ஒன்பது முறை அழுக்காகத்தான் இருக்கும். ஒரு தும்மல் தும்மினால்கூட அது புதுப் புரதமாக என் திரையில் வந்து நிற்கும். அதனால் நாங்கள் இரண்டு பேரும் கழுவ ஆரம்பித்தோம். நான் இயந்திரத்தின் குழலைக் கழற்றிப் புதுசு மாட்டினேன். வெறும் தண்ணீரை ஓட்டிக் காட்டினேன். திரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. "தண்ணி ஓட்டுறதுக்கு முன்னாடி நல்லாக் கழுவியிருப்பே" என்றார் அண்ணி. அவர் எல்லாக் கரைசலையும் சாக்கடையில் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கினார். புரதம் எதுவுமில்லாத குழாயைக் கொண்டுவந்து காட்டினார். அதிலும் ஒன்றுமில்லை. "இதை மட்டும் பாத்துப் பாத்துப் பண்ணியிருப்பீங்க" என்றேன் நான்.

வீட்டிலும் அதே கதை. அண்ணன் எடுத்த தட்டு ஈரமாக இருந்தால், அது யார் துடைத்தது என்பதில் ஒரு விசாரணை. நான் துவைத்த துண்டை அண்ணி முகர்ந்து பார்ப்பார். அண்ணி பெருக்கிய இடத்தில் நான் விரலை வைத்துத் தேய்த்துப் பார்ப்பேன். அண்ணன் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு புன்னகையை வைத்துக்கொண்டு சாப்பிட்டு முடிப்பான். தன் மாணவர்கள் நாற்சந்தியில் வண்டியை அணைத்துவிட்டு முழிக்கும்போது வைத்துக்கொள்ளும் அதே புன்னகை.

"ரெண்டு பேரும் இவ்வளவு சுத்தமா இருக்கீங்க, வீட்டுல எனக்குக் கால் வைக்கவே பயமா இருக்கு" என்றான் ஒரு நாள்.

"நீங்க காலைக் கழுவிட்டுத்தானே வந்தீங்க?" என்றார் அண்ணி. அவன் எழுந்துபோய்க் கழுவிவிட்டு வந்தான்.

எத்தனை கழுவினாலும் தண்டச்சோற்றுக் குழாயில் எண்பது கூடிக்கொண்டேதான் இருந்தது. குழு வரும் நாள் நெருங்கியது. அவசரம் சார் அண்ணியைக் கூப்பிட்டு வைத்து ஒரு யோசனை சொன்னார். "அந்தப் பழைய புரதம் கெட்டுப்போயிருக்கும்மா. அதைத் தூக்கிப் போடு. வேற ஏதாவது சும்மா இருக்கிற புரதமா வெச்சுக்கோ." அதில் பொய் எதுவும் இல்லை. எல்லாரும் செய்வதுதான். மக்கர் பண்ணும் சாட்சியை விட்டுவிட்டு ஒழுங்கான சாட்சியைக் கூப்பிடுவது. அண்ணி வேறொரு சோம்பேறிப் புரதத்தை வரவழைத்தார். அது உண்மையிலேயே சோம்பேறி. படம் அவ்வளவு அழகாக வந்தது. மாப்பிள்ளைக் குழாயில் மலை மாதிரி உயரமாக ஒரு பீக், பக்கத்துக் குழாயில் வெறும் தரை.

மறுநாள் மதியம் அண்ணி அடித்தளத்துக்கு வந்தார். பெட்டி கையில் இருந்தது, மூக்கு சிவக்கவில்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சண்டை போட வராத அண்ணியை எனக்குப் பழக்கமில்லை.

"இதையே இன்னொரு தடவை ஓட்டிக்கொடு. குழுவுக்குக் காட்ட ஒரு நல்ல படம் வேணும்."

"இந்தத் தடவையும் தண்டச்சோறு இல்லையா?"

"அது வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"அழுக்கு. உன் பக்கமோ, என் பக்கமோ, ஏதோ ஒரு பக்கம். விடேன். உன்கிட்ட சண்டை போடத் தெம்பு இல்ல."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இத்தனை நாளும் கழுவிக் கழுவி என் விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போயிருந்தது, அந்தச் சண்டையை அவர் இப்படி வழியில் போட்டுவிட்டுப் போனால் எனக்கு எப்படி இருக்கும்? திரையில் எல்லாப் பழைய ஓட்டங்களையும் வரிசையாக இழுத்துப் போட்டேன். தண்டச்சோற்றுக் குழாய்கள் மட்டும். முதல் நாள், குழல் மாற்றின நாள், கரைசல் மாற்றின நாள், முனை முதல் மூடி வரை எல்லாம் புதுசாகப் போட்ட நாள்.

"அண்ணி, நான் இந்த மெஷினோட இவ்வளவு காலம் குப்பை கொட்டியிருக்கேன். அழுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அழுக்குன்னா ஒரு நாள் நிறைய வரும், ஒரு நாள் கொஞ்சமா வரும், கழுவினா குறையும். இதைப் பாருங்க. எவ்வளவு கழுவினாலும் அதே உயரம். ஆபீஸுக்குப் போற ஆளு மாதிரி தினமும் ஒழுங்கா வந்து நிக்குது. இது அழுக்கு இல்ல. இது வேலை செய்யுது."

அண்ணி திரையைப் பார்த்தார். "அது வேலை செய்யாது."

"யார் சொன்னா?"

"நான் சொல்லியிருக்கேன்! எழுதியிருக்கேன்!"

"நீங்க எழுதினது அதுக்குத் தெரியுமா?"

அண்ணி பக்கத்தில் கிடந்த முக்காலியில், துடைக்காமலேயே, உட்கார்ந்தார். அப்போதுதான் நான் பயந்தேன்.

அப்புறம் பேச ஆரம்பித்தார், எனக்குச் சொல்வது போலவும் இல்லை. "அப்ப நான் எல்லாரும் போடுற சாதாரணப் புரதத்தைத்தான் போட்டுப் பாத்தேன். கைனேஸா இல்லையான்னு சோதிக்க எல்லா லேப்லயும் இருக்குமே, அது. பெரும்பாலான கைனேஸ் அதுல ஒட்டிடும். இது ஒட்டல. பல்லும் இல்ல. சரி, செத்ததுன்னு எழுதிட்டேன். தூங்குமூஞ்சியை அப்ப யாரும் கண்டுபிடிக்கக்கூட இல்ல. நான் அதை இதுகிட்ட கொடுத்ததே இல்ல."

"அதாவது, நீங்க அதுக்குப் பிடிச்ச வேலையைக் கொடுக்காம, சோம்பேறின்னு பட்டம் கட்டி ஊரெல்லாம் அனுப்பியிருக்கீங்க."

"வாயை மூடு" என்றார். ஆனால் அதில் கோபம் இல்லை.

திடீரென்று நிமிர்ந்தார். "இருக்கட்டும். துண்டு துண்டா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கிடந்துச்சுன்னியே. அது சிந்தினது இல்ல. செல்லுக்குள்ள ரெண்டும் ஒட்டிக்கிட்டுத் திரியுது. ஒண்ணைப் பிடிச்சு இழுத்தா இன்னொண்ணும் கூடவே வருது. அப்படின்னா மாப்பிள்ளைதான் வேலை செய்றான், தண்டச்சோறு பக்கத்துல நிக்குது. அதனாலதான் அதோட குழாய்லயும் வருது."

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அப்படி இருந்துவிட்டால் எல்லாம் நேராகிவிடும். மாப்பிள்ளையும் நிஜம், பழைய கட்டுரையும் நிஜம், வேலையும் நிஜம். இது நேர்மாறாக இருந்தாலும் இதே படம்தான் வரும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

தெரிந்துகொள்ள ஒரே வழி, இரண்டையும் பிரித்து வைத்துப் பார்ப்பது. அதற்கு பாக்டீரியாவிடம் போக வேண்டும். பாக்டீரியாவுக்குள் நம்முடைய இந்தச் சமாசாரம் எதுவும் கிடையாது. மாப்பிள்ளையின் மரபணுவை ஒரு கூட்டத்திடமும், தண்டச்சோற்றின் மரபணுவை வேறொரு கூட்டத்திடமும் கொடுத்தால், தனித்தனியாகச் செய்து தரும். ஒருவருக்கு மற்றவரின் முகம்கூடத் தெரியாது. அப்புறம் தூங்குமூஞ்சியை ஆளுக்கொரு முறை கொடுத்துப் பார்க்க வேண்டியதுதான். அண்ணி அத்தோடு விடவில்லை. தண்டச்சோற்றில் இல்லாத பல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு பல் நீட்டிக்கொண்டிருந்தது. ஒருவேளை அது வேலை செய்தால் இதை வைத்துத்தான் செய்ய வேண்டும் என்று, அதைப் பிடுங்கிய தண்டச்சோறு ஒன்றையும் செய்யவைத்தார்.

அவசரம் சாரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, படம் நல்லா இருந்துச்சே!" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

குழாய்கள் தயாரானதும் அண்ணி தானே கொண்டுவந்து என் அறையிலேயே உட்கார்ந்துவிட்டார். வழக்கமாக முடிவை அனுப்பச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அன்று போகவில்லை. என் மேசையில் இருந்த பேனாக்களை உயரவாரியாக அடுக்கினார், கலைத்தார், நிறவாரியாக அடுக்கினார்.

முதலில் மாப்பிள்ளை. திரையில் தூங்குமூஞ்சி வந்து நின்றது, பழைய எடையில், பழைய இடத்தில், ஆழ்ந்த தூக்கத்தில். எண்பது கூடவில்லை. ஒன்றுமே இல்லை. நான் அண்ணி பக்கம் திரும்பாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அடுத்தது" என்றார். குரல் தண்ணீரில் இருந்து வருவது மாதிரி இருந்தது.

அடுத்தது தண்டச்சோறு. எண்பது கூடியிருந்தது. நாங்கள் இதுவரை பார்த்த எல்லாப் பீக்குகளையும்விட உயரமாக வந்தது. தனியாக விட்டதும் அதற்கு உற்சாகம் கூடிவிட்டது போலிருக்கிறது. பிறகு பல் பிடுங்கிய தண்டச்சோறு. வெறும் தரை.

ஆக, தூங்குமூஞ்சியை எழுப்புவது தண்டச்சோறுதான். இல்லாத பல்லின் வேலையைப் பக்கத்துப் பல்லை வைத்துச் சமாளித்துக்கொண்டு, சர்க்கரை வந்தபோதெல்லாம் எழுந்துபோய் வேலையை முடித்துவிட்டு, சத்தம் போடாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது. மாப்பிள்ளை பக்கத்தில் நின்று பேர் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

அண்ணி அழுதார். சத்தமில்லாமல், மூக்கை உறிஞ்சாமல், அதையும் சுத்தமாகத்தான் அழுதார். நான் கையுறையோடு இருந்ததால் தொடலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். அப்புறம் கையுறையைக் கழற்றிவிட்டு அவர் தோளில் கை வைத்தேன். ஒரே மதியத்தில் அவருடைய புது வேலையும் பழைய பெயரும் சேர்ந்து போயிருந்தன, இரண்டையும் போக்கடித்தது அவர் கையால் செய்த பரிசோதனை. நான்தான் கிளப்பிவிட்டேன்.

"அந்த அழகான படம் இன்னும் இருக்கு அண்ணி" என்றேன் மெதுவாக. ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் போய்விடக் கூடாது என்று இருந்தது.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "உன் மெஷின்ல இருந்து அதை அழிச்சிடு. பாக்கப் பாக்க எனக்கு ஆசை வரும்."

குழுவுக்கு முன்னால் அண்ணி பேசும்போது, எடை பற்றி யாராவது கேட்டால் பதில் சொல்ல என்னையும் ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். குழுத் தலைவி கழுத்தில் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஓர் அம்மாள். எதையும் ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்பார் என்று கட்டடம் முழுக்க நடுங்கியது. அவசரம் சார் முன்வரிசையில் உட்கார்ந்து, யாருக்கோ பிரசவம் நடப்பது போல் விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அண்ணி எதையும் சுற்றி வளைக்கவில்லை. நாங்கள் அறிவித்த புரதம் கைனேஸ் இல்லை, இதோ ஆதாரம் என்றார். பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு. சும்மா இருக்கிறது என்று எல்லாரும் நம்பி எடுத்துவைத்திருக்கும் புரதம்தான் கைனேஸ், இதோ ஆதாரம் என்றார். சலசலப்பு நின்றது.

தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இது வேலை செய்யாதுன்னு ஒரு கட்டுரை இருக்கே. என் லேப்ல அதை நம்பித்தான் எத்தனையோ பரிசோதனை பண்ணியிருக்கோம்."

"ஆமா."

"அதை எழுதினவங்க இப்ப என்ன சொல்றாங்க?"

எழுதினது யார் என்று அந்த அம்மாளுக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. அண்ணி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பா எழுதிட்டேன்னு சொல்றாங்க."

தலைவி அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணியும் பார்வையை இறக்கவில்லை.

"சட்டுனு ஒத்துக்கிட்டாங்களா?"

"இல்ல. கொஞ்ச நாள் ஆச்சு. அதுக்குள்ள இந்தக் கட்டடத்துல இருந்த சோப்பு எல்லாம் தீர்ந்துபோச்சு."

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவிச் சங்கிலியில் தொங்கியது. அப்புறம் அவர் கேட்ட கேள்வியெல்லாம் தண்டச்சோற்றைப் பற்றித்தான். பக்கத்துப் பல் எப்படி அங்கே வந்து சேர்கிறது, சேதி எங்கிருந்து வருகிறது, வேறு யாரை எழுப்புகிறது என்று வேலைக்காரனைப் பற்றி விசாரிக்கும் மரியாதையோடு கேட்டார். தன் பழைய பரிசோதனைகளை எல்லாம் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறதே என்று கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டார். அண்ணிக்கு வேலை நீட்டிப்புக் கிடைத்தது, தண்டச்சோற்றின் பேரில். வெளியே வரும்போது அவசரம் சார் எல்லாரிடமும் கைகுலுக்கிக்கொண்டே, "நான் அப்பவே நினைச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எதை, எப்போது என்று யாரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் எங்களை எதிர்பார்த்து வாசலிலேயே நின்றான். காலைக் கழுவியிருந்தான்.

"மாப்பிள்ளை என்ன ஆனார்?"

"வேலை வெட்டி இல்லாதவர்னு தெரிஞ்சுபோச்சு" என்றேன்.

"தண்டச்சோறு?"

"அவர்தான் இனிமே நம்ம குடும்பத்தையே தாங்கப்போறார்."

"அப்ப ஊருக்கெல்லாம் போக வேண்டாமா?" என்று அண்ணியிடம் கேட்டான். வேண்டாம் என்று அவர் தலையாட்டினார். அண்ணன் உள்ளே போய் மேசையைத் துடைக்க ஆரம்பித்தான். ஏற்கெனவே துடைத்த மேசை அது.

சாப்பிட்டு முடித்து நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணி வந்து பக்கத்தில் நின்றார். ஒரு டம்ளரைக் கழுவி வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் மெஷின் சுத்தமாத்தான் இருந்துச்சு" என்றார்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "உங்க குழாயும்தான் அண்ணி" என்றேன். தண்ணீரை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டேன்.

அண்ணி அந்த டம்ளரை எடுத்து, விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அடியில் ஒரு கறை இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. "ம்" வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. டம்ளரை அலமாரியில் வைத்துவிட்டு, என் தலையில் ஈரக்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அறைக்குப் போய்விட்டார்.

அவர் கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகு, அந்த டம்ளரை எடுத்து நானே இன்னொரு முறை கழுவினேன்.